காயமுற்ற வீரனும் கழகத்தின் கடமையும்

விழா மலர்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒரு செய்தி புலப்படாமற் போகாது. வென்ற கேடயங்களின் பட்டியல் அவற்றில் உண்டு. அணித் தலைவர்களின் பெயர்கள் உண்டு. கைகட்டி வரிசையாய் அமர்ந்த அணிகளின் படங்களும் உண்டு. ஆனால், பருவத்தின் நடுவே முழங்கால் பிசகியோ கணுக்கால் முறிந்தோ ஆடுகளத்தை விட்டு நீங்கிய மாணவனின் பெயர் அப்பட்டியல்களில் இடம்பெறுவது அரிது. படம் எடுத்த நாளிலே அவன் அணியில் இல்லை. ஆதலின் படத்திலும் இல்லை. இதனைச் சிறு குறையென்று ஒதுக்கிவிடுதல் தகாது. ஓர் அணி எத்தகையது என்பதை அது வென்ற ஆட்டங்களைக்கொண்டு மாத்திரம் அளத்தல் ஆகாது. தன் சிறந்த வீரன் காயமுற்ற மறுநாள் அவ்வணி என்ன செய்கின்றது என்பதே அதன் தரத்தைக் காட்டும் உரைகல் என்பது எமது துணிபு.

நாவுலவிலும் அதன் அயலிலும் தொழில் நிமித்தம் வாழும் பழைய மாணவராகிய நாம், கல்லூரியை விட்டுத் தொலைவில் இருப்பினும் விளையாட்டை விட்டுத் தொலைவில் இல்லை. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 நெடுஞ்சாலை எம் ஊரின் ஊடாகவே செல்கின்றது. வடக்கே தம்புள்ளையில் 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சர்வதேசக் கிரிக்கெட் மைதானம். தெற்கே குமார் சங்கக்கார பிறந்த மாத்தளை. கிரிக்கெட்டுக்கு நடுவே வாழும் எம் பிள்ளைகளின் கைகளுக்குள் இன்று கைத்தொலைபேசி அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தையும் கொண்டுவந்து வைத்திருக்கின்றது. எந்த வீரர் எந்தக் கழகத்துக்கு மாற்றப்பட்டார், எவருக்கு எங்கே காயம் என்பவற்றையெல்லாம் அவர்கள் பாடத்தினும் நன்றாய் அறிவர். அவர்கள் அறிந்த அச்செய்திகளிலிருந்தே எமது ஆராய்ச்சியைத் தொடங்குவோம்.

கூடைப்பந்தாட்டத்திலே களத்தில் நிற்போர் ஐவர். கிரிக்கெட்டிலும் உதைபந்தாட்டத்திலும் பதினொருவரில் ஒருவர் குறைந்தால் ஏனையோர் ஓரளவு ஈடுசெய்யலாம். ஐவரில் ஒருவர், அதிலும் பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் ஒருவர், வீழ்ந்துவிட்டால் அணியின் ஐந்தில் ஒரு பங்கன்று, பாதியே வீழ்ந்ததுபோல் ஆகும். சர்வதேச விதிகளின்படி ஓர் அணியில் 12 பேர் இடம்பெறலாம். எனினும், பன்னிரண்டு பெயரைத் தாளில் எழுதிவிடுதல் வேறு; பன்னிரண்டு பேரை ஆடத் தகுந்தவராய் ஆக்கிவைத்தல் வேறு. காயம் வந்து சேரும் நாளிலேதான் இவ்வேற்றுமை வெளிப்படுகின்றது.

அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்திலே இக்கணக்கு இன்னும் சிக்கலானது. அங்கே ஒவ்வொரு கழகமும் தன் வீரர்க்கு வழங்கும் மொத்தச் சம்பளத்துக்கு வரம்புகள் உண்டு. பெருஞ்சம்பளம் பெறும் வீரர் ஒருவர் காயமுற்றுப் பருவம் முழுவதும் ஆடாதிருப்பினும் அவருடைய சம்பளம் அவ்வரம்புக்குள் இடம்பிடித்துக்கொண்டே இருக்கும். ஆதலின் அவருடைய இடத்துக்கு நிகரான இன்னொருவரை விரும்பியவாறு வாங்கிவிட முடியாது. பருவம் முழுவதையும் இழந்த வீரருக்குப் பதிலாக ஒருவரைச் சேர்க்கச் சங்கம் ஒரு விசேட சலுகை அளிப்பதுண்டு. ஆயினும் அது அவருடைய சம்பளத்தின் பாதிக்கு மேற்படாது. எனவே கழகங்கள் வீரரை வீரருக்கு மாற்றிக்கொள்ளும் பண்டமாற்றில் இறங்குகின்றன. மாற்றப்படும் வீரர் மருத்துவப் பரிசோதனையில் தேறினாலன்றி அம்மாற்றம் நிறைவுபெறாது. ஆகவே ஒரு முழங்காலின் நிலையோ ஓர் இடுப்பு மூட்டின் நிலையோ இரண்டு கழகங்களின் பல ஆண்டுத் திட்டங்களை ஆக்கவும் அழிக்கவும் வல்லதாகின்றது.

இதற்குப் பொஸ்டன் செல்டிக்ஸ் கழகத்துக்கு ஆடிய ஐசையா தோமஸ் என்பவரின் வரலாற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. ஐந்தடி ஒன்பது அங்குல உயரமே உடையவர் இவர். 2011ஆம் ஆண்டில் கழகங்கள் புதிய வீரர்களைத் தெரிவுசெய்தபோது அறுபதாவதாக, அதாவது அனைவருக்கும் கடைசியாக, இவர் பெயர் அழைக்கப்பட்டது. அத்தகையவர் 2016–17 பருவத்திலே ஆட்டமொன்றுக்குச் சராசரி 28.9 புள்ளிகள் எடுத்துப் பொஸ்டன் நகரத்தின் செல்லப்பிள்ளை ஆனார். 2017 ஏப்ரல் 15ஆம் நாள் இவருடைய இளைய சகோதரி வீதி விபத்தொன்றில் உயிரிழந்தார். மறுநாளே தோமஸ் களமிறங்கி 33 புள்ளிகள் எடுத்தார். இடுப்பிலே ஏற்பட்டிருந்த காயம் அந்நாட்களில் மேலும் மேலும் மோசமாயிற்று, எனினும் ஆடினார். மே மாதத்தில் கிளீவ்லாந்துக்கு எதிரான தொடரின் இரண்டாவது ஆட்டத்தோடு உடல் இனித் தாங்காது என்னும் நிலை வந்தது.

அடுத்து நிகழ்ந்ததை நம் மாணவர் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும். அதே ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் நாள் பொஸ்டன் கழகம் தோமஸைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்துக் கைரி ஏர்விங் என்னும் வீரரைப் பெற்றுக்கொள்ள உடன்பட்டது. தோமஸோடு வேறு இரு வீரரும், எதிர்வரும் ஆண்டின் முதற்சுற்றுத் தெரிவுரிமை ஒன்றும் கொடுக்கப்பட்டன. கிளீவ்லாந்து மருத்துவர் தோமஸின் இடுப்பைப் பரிசோதித்த பின்னர், பண்டத்தில் குறை கண்ட வணிகரைப்போல் அக்கழகம் மேலதிக ஈடு கேட்டது. பொஸ்டன் இன்னுமொரு தெரிவுரிமையைச் சேர்த்துக் கொடுத்த பின்னரே ஓகஸ்ட் 30ஆம் நாள் மாற்றம் நிறைவெய்தியது. தோமஸ் 2018 சனவரி 2ஆம் நாள்தான் புதிய கழகத்துக்காக ஆட முடிந்தது. பதினைந்து ஆட்டங்கள் ஆடினார். பெப்ரவரி 8ஆம் நாள் அங்கிருந்தும் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் கழகத்துக்கு மாற்றப்பட்டார். மார்ச்சில் சத்திரசிகிச்சை. பெருஞ்சம்பள ஒப்பந்தம் ஒன்றை எதிர்பார்த்திருந்த அவர், அவ்வாண்டுக் கோடையிலே சங்கத்தின் ஆகக்குறைந்த சம்பளத்துக்கு ஓர் ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார்.

பொஸ்டன் செய்தது குற்றமா? சட்டத்தின்படி குற்றமன்று. வணிகக் கணக்கின்படி அது சாமர்த்தியம் எனவும் சொல்லலாம். ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவர் மாற்றப்படுதற்கும் உடன்பட்டவரே. ஆயினும் துயரத்தையும் நோவையும் மறைத்து ஆடியவர், அந்நோவே காரணமாக விலை குறைந்த பண்டமாய் எண்ணப்பட்டார் என்பதை எண்ணுங்கால் மனம் அமைதி கொள்வதில்லை. உடலை ஒளிக்காது ஈந்தவனுக்கு ஊர் கொடுத்த பரிசு அதுதானா என்று கேட்கத் தோன்றுகின்றது.

இவ்வரலாற்றின் மறுபக்கமும் உண்டு. தோமஸைக் கொடுத்துத் திட்டமிட்ட பொஸ்டன் கழகத்தைக் காயம் விட்டுவைக்கவில்லை. 2017 ஒக்டோபர் 17ஆம் நாள், பருவத்தின் முதலாவது ஆட்டத்தின் முதல் ஆறு நிமிடங்களுக்குள், பெரும்பொருள் கொடுத்துச் சேர்த்திருந்த கோர்டன் ஹேவர்ட் என்பவரின் கால் முறிந்தது. அப்பருவம் அவருக்கு அத்துடன் முடிந்தது. மேற்சொன்ன சலுகையாகச் சங்கம் பொஸ்டனுக்கு அளித்தது 84 இலட்சம் டொலர். மறு ஆண்டு வசந்த காலத்தில் ஏர்விங்கும் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு விலக நேர்ந்தது. விலைகொடுத்து வாங்கிய இரு தூண்களும் சரிந்தபின் அவ்வணியைத் தாங்கியவர் யாவர்? இருபது வயதினரான ஜேசன் டேட்டமும், இருபத்தொரு வயதினரான ஜெய்லன் பிறவுணும், அவர்களை ஒத்த இளைஞருமே. அவர்கள் அணியைக் கிழக்குப் பிரிவின் இறுதித் தொடரிலே ஏழாவது ஆட்டம் வரையில் கொண்டுசென்றனர். அதே இருவரும் 2024ஆம் ஆண்டு பொஸ்டனுக்குச் சாம்பியன் பட்டத்தை வென்று கொடுத்தவர்களுள் முன்னின்றனர். காயம் கதவை அடைத்தது. காத்திருந்த இளைஞர் அதனைத் திறந்தனர்.

2025 மே மாதத்திலே அந்த டேட்டமே குதிநாண் அறுந்து வீழ்ந்தார். சம்பளச் சுமையைக் குறைக்கவேண்டிய நெருக்கடியில் ஏற்கெனவே இருந்த கழகம், சில வாரங்களுக்குள் யூரு ஹொலிடே, கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் ஆகிய இருவரையும் வேறு கழகங்களுக்கு மாற்றியது. ஒருவரின் காலில் அறுந்த நாண் பன்னிருவரின் வாழ்விடத்தையும் அசைக்கும் என்பதற்கு இதுவும் சான்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வாங்கியும் விற்றும் அன்றி, வளர்த்தும் காத்தும் காயத்தை எதிர்கொள்ளும் வழி ஒன்றுண்டு. அதற்குச் சான்று நம் மலைநாட்டை ஒட்டியே இருக்கின்றது. கண்டியிலே பிறந்த முத்தையா முரளிதரன் 2009 யூலை மாதம் பாக்கிஸ்தானுக்கு எதிரான காலி டெஸ்ட் ஆட்டத்துக்கு முன்னர் காயமுற்றார். உலகின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளர் இல்லாமல் இலங்கை என்ன செய்யும் என்று இரசிகர் கவன்றனர். மாத்தளையிற் பிறந்த சங்கக்கார அணித்தலைமை ஏற்ற முதல் டெஸ்ட் ஆட்டமும் அதுவே. இங்கிலாந்தின் ஸ்டபோர்ட்சயரிலே ஒரு கழகத்துக்காகப் பந்துவீசிக்கொண்டிருந்த ரங்கன ஹேரத்துக்கு அழைப்புச் சென்றது. 1999இலேயே இலங்கைக்காக ஆடத் தொடங்கியும், முரளிதரன் என்னும் ஆலமரத்தின் நிழலிலே இடங்கிடையாது காத்திருந்தவர் அவர். விமானமேறி வந்து ஆடினார். வெற்றிக்கு 168 ஓட்டங்களே வேண்டியிருந்த பாக்கிஸ்தான் 117இல் வீழ்ந்தது. ஹேரத் 15 ஓட்டங்கள் கொடுத்து 4 விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார்.

இதிலே இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கன. ஹேரத் அன்று எங்கிருந்தோ விலைக்கு வாங்கப்பட்டவரல்லர். நம் மைதானங்களிலேயே பல்லாண்டு பழகிப் பண்பட்டவர். இது முதலாவது. முரளிதரனின் இடம் அவருக்கெனவே காக்கப்பட்டது. குணமானதும் திரும்பினார் என்பது இரண்டாவது. 2010 யூலையில் அதே காலியில் முரளிதரன் தமது 800ஆவது விக்கெட்டை வீழ்த்தி விடைபெற்றபோது, அவ்வாட்டத்திலே ஹேரத்தும் உடன் ஆடினார். அவர் 2018 வரை ஆடி 433 விக்கெட்டுகளைப் பெற்று ஓய்ந்தார். மூத்தவரின் காயம் இளையவருக்கு வழிவிட்டது. இளையவரின் வெற்றி மூத்தவரை வெளியேற்றவில்லை. நல்ல அணியின் இலக்கணம் இதுவன்றோ?

தமிழகத்து இளைஞர் இருவரின் கதையும் இதனையே வலியுறுத்தும். 2021 சனவரியில் பிரிஸ்பேன் நகரிலே அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடவேண்டிய இந்திய அணியில் பும்ரா, அஸ்வின், ஜடேஜா முதலிய பலர் காயத்தால் விலகியிருந்தனர். வலைப்பயிற்சியில் பந்துவீசுவதற்கென நிறுத்தப்பட்டிருந்த சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனும், சென்னை வாஷிங்டன் சுந்தரும் முதன்முறையாக டெஸ்ட் அணியிற் புகுந்தனர். முதல் இன்னிங்சில் இருவரும் மும்மூன்று விக்கெட்டுகள் வீழ்த்தினர். சுந்தர் 62 ஓட்டங்களும் எடுத்தார். 1988இன் பின்னர் அவுஸ்திரேலியா தோற்றறியாத அம்மைதானத்திலே இந்தியா வென்றது. பிறர் காயத்தால் வாய்ப்புப் பெற்ற நடராஜன், அதே ஆண்டு ஏப்ரலில் தாமே முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. இன்று மாற்றாளாய் வருபவன் நாளை மாற்றாள் வேண்டி நிற்பான். ஆதலின் காயமுற்றவனைக் காப்பது தருமம் மாத்திரமன்று. ஒவ்வொரு வீரனும் தனக்குத் தானே செய்துகொள்ளும் காப்புறுதியுமாம்.

பெருங்கழகங்களின் கதை இருக்கட்டும். நம் பாடசாலைகளின் நிலை என்ன? அமெரிக்கச் சந்தையிலே நிகழும் பண்டமாற்று வேறொரு வேடத்தில் இங்கும் நுழைந்துவிட்டது. பெயர்பெற்ற பாடசாலைகள் சில, கிராமத்துப் பாடசாலையில் மிளிரும் மாணவனைப் புலமைப்பரிசிலும் விடுதி வசதியும் காட்டி அழைத்துச் செல்கின்றன. அனுப்பிய பாடசாலையின் அணி நடுப்பருவத்திலே தலையிழந்து நிற்கின்றது. சென்ற மாணவனின் முழங்கால் மறு ஆண்டு முறிந்துவிட்டால், அவனுடைய விடுதி அறையும் கல்வி உதவியும் என்னாகும் என்பதை எவரும் முன்கூட்டி எழுதிவைப்பதில்லை. நல்ல கல்வியை நாடிப் பெரிய பாடசாலைக்குச் செல்லும் ஏழைப் பிள்ளையை நாம் குறைகூற மாட்டோம். தோட்டத்து லயத்திலிருந்து புறப்படும் பிள்ளைக்கு விளையாட்டு ஓர் ஏணியாகுமாயின் மகிழ்வோம். அந்த ஏணி ஒரே ஒரு முழங்காலின்மீது சாத்தப்பட்டிருத்தல் ஆகாது என்பதே எமது வேண்டுகோள்.

சிறிய பாடசாலைகளிலோ வேறொரு தீமை. ஆட வல்லோர் ஆறேழு பேரே இருப்பதால் காயமுற்றவனே மீண்டும் களமிறக்கப்படுகின்றான். வீங்கிய கணுக்காலுக்கு எண்ணெய் தடவித் துணிகட்டி, சீமெந்துத் தரையிலே ஓடவிடுகின்றனர். முறிவு வைத்தியர் ஓய்வெடுக்கச் சொன்னாலும் கேட்பாரில்லை. முழங்காலின் உட்சவ்வு அறுந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் ஒன்பது மாதங்களுக்கு முன்னர் ஆட்டத்துக்குத் திரும்பின் மீண்டும் காயமுறும் அபாயம் மிகுதி என மருத்துவ ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நம் பயிற்றுநர் சிலர்க்கோ ஒன்பது நாட்களும் நெடுங்காலமாய்த் தோன்றுகின்றன.

“பையனே ஆட விரும்புகின்றான், நாம் தடுப்பது எங்ஙனம்?” என்பர் சிலர். பதினாறு வயதினன் விரும்பாமல் என் செய்வான்? தோழரின் ஆரவாரம் ஒருபுறம், கல்லூரியின் மானம் என்னும் பேச்சு மறுபுறம். இல்லை என்று சொல்லும் சுமையை அவன் தலையிலே ஏற்றுவது முதியோர்க்கு அழகன்று. “தனிமரம் தோப்பாகாது, அணிக்காக ஒருவன் நோவைப் பொறுத்தலே தியாகம்” என்பாரும் உளர். தியாகம் என்பது கொடுப்பவன் சொல்லவேண்டிய சொல். பெறுபவர் சொன்னால் அதன் பெயர் வேறு. சம்பளம் வாங்கும் வீரர்க்கு இழப்பீடும் ஒப்பந்தமும் உண்டு. நம் மாணவனுக்கு இருப்பது ஓர் உடலும் ஒரு சாதாரண தரப் பரீட்சையுமே.

ஆதலின் பழைய மாணவர்களின் ஆலோசனைக்குச் சிலவற்றை முன்வைக்கின்றோம். முதலாவதாக, இரண்டாவது ஐவரை ஆக்குதல் வேண்டும். ஆட்டம் கையிலிருக்கும் வேளையிலேனும் பன்னிருவரும் களமிறங்கிப் பழகவேண்டும். முதல் ஐவரை மாத்திரம் ஓடவைத்து, ஏனையோரைத் தண்ணீர்ப் போத்தல் தூக்கவைக்கும் அணி, காயம் வரும் நாளிலே கையற்று நிற்கும். இரண்டாவதாக, காயமுற்றவன் திரும்புவது எப்போது என்பதைப் பயிற்றுநரோ மாணவனோ பெற்றோரோ தீர்மானித்தல் கூடாது. அது வைத்தியரின் எழுத்துமூல அனுமதிக்கு உரியது. இறுதியாட்டம் என்பதற்காக அவ்விதி தளருமாயின் அது விதியன்று.

மூன்றாவதாக, காயமுற்ற மாணவன் அணியின் உறுப்பினனாகவே நீடித்தல் வேண்டும். பஸ்ஸில் அவனுக்கும் இடம் உண்டு. புள்ளிக் குறிப்பேடு அவன் கையிலே. வர்ண விருதும் படமும் அவனுக்கும் உரியன. நான்காவதாக, நாம் சேர்க்கும் விழா நிதியில் ஒரு பகுதியைக் காயமுற்றோர் நிதியென ஒதுக்கலாம். நாவுலவிலோ அதற்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திலோ வாழும் கூலித்தொழிலாளி தன் மகனை மாத்தளைக்கும் கண்டிக்கும் வைத்தியம் பார்க்க அழைத்துச் செல்லும் ஒவ்வொரு நாளும் அவருக்குச் சம்பளமிழந்த நாளே. பஸ் கட்டணமும் அந்நாட் கூலியும் கொடுக்கும் ஒரு நிதி, மேலுமொரு வெள்ளிக் கேடயத்தினும் பெறுமதி உடையது. ஐந்தாவதாக, விளையாட்டுக்காக நம் கல்லூரிக்கு அழைத்துவரப்படும் எந்த மாணவனின் கல்வி உதவியும், அவன் ஆட இயலாத நிலை வரினும் அவனது பாடசாலைக் கல்வி முடியும்வரை தொடரும் என்று எழுத்திலே உறுதியளித்தல் வேண்டும். அவ்வுறுதியைக் கொடுக்க மனமில்லையேல் அவனை அழைக்கவே வேண்டாம்.

இவற்றால் சில கேடயங்கள் கைநழுவலாம். காயமறியா மாற்றாள்களை வெளியிலிருந்து கொணரும் பாடசாலை ஓரிரு ஆண்டுகள் நம்மை முந்தவும் கூடும். அதனால் குறைந்துவிடப் போவது எதுவுமில்லை. சந்தைக்கு ஒரு கணக்கு உண்டு. கல்லூரிக்கு வேறொரு கணக்கு உண்டு. சந்தைக் கணக்கிலே காயம் நட்டம். கல்லூரிக் கணக்கிலே அது கடமை. விற்று விலக்கிவிட முடியாத ஒருவனைத் தன்னுள் வைத்திருக்கும் அணியே அணி எனப்படும்; ஏனையவை கூட்டங்கள்.

அடுத்த விழா மலர் வெளிவரும்போது அதிலே அச்சாகும் கூடைப்பந்தாட்ட அணியின் படத்தில், ஊன்றுகோலோடு அமர்ந்த ஒரு மாணவனும் நடுவிலே இருப்பானாயின், அதனை நாம் பெருமையோடு நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அவ்வாண்டு கேடயம் கிடைத்ததா என்பதைப் பின்னர் கேட்டுக்கொள்ளலாம். கல்லூரி வாழ்க, அதன் அணிகள் தம்மவரைக் கைவிடாத அணிகளாய் வளர்க.